ஏறுங்க சார்

என் வீட்டுக்காரர் செல்வதுரைக்கு 'வேண்டாம்' என்ற சொல் மட்டும் வாயில் வராது. சாத்தான்குளத்தில் இருபத்தைந்து வருஷமாகக் கணக்கு வாத்தியார். ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் சீனி தூக்கலாக ஒரு காப்பி, கூடவே முதலூர் மஸ்கோத் அல்வா. "வேண்டாம்னா அவங்க மனசு கஷ்டப்படும்லா" என்று தின்றுவிட்டு வருவார். அடுத்தவர் மனசுக்காகத் தின்று தின்றே, போன வருஷம் சுகர் முந்நூறைத் தாண்டியது.

அவருடைய அப்பாவும் இப்படித்தான். ஒருவருக்கும் இல்லை என்று சொல்லாமல், சுகர் முற்றி, ஐம்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார். இவருக்கு இந்த ஜனவரியில் ஐம்பத்திரண்டு. அதை நாங்கள் வாய்விட்டுப் பேசியதில்லை. ஆனால் ரிப்போர்ட் வந்த அன்று இவர் காலண்டர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"தினமும் நடங்கப்பா" என்றாள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் பெனிஷா. நடப்பதோடு விட்டாரா? ஜனவரியில் தேரிக்காட்டில் மாரத்தான் என்று பழைய மாணவன் ஒருவன் நோட்டீசோடு வந்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், எட்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தேரி என்றால் சிவப்பு மணல் மேடு. கால் வைத்தால் கணுக்கால் வரை இழுக்கும், வெயில் ஏறினால் கொதிக்கும். அதில் ஓடுவதற்கு இவர் பேர் கொடுத்துவிட்டார்.

"ஏன் கொடுத்திய?"

"நீங்க அவசியம் வரணும் சார்னு கையப் பிடிச்சிக்கிட்டான். எப்படிளா வேண்டாம்னு சொல்ல?"

தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "தூரத்தை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போங்கள்" என்றார். அது போதாதா? எட்டு மாதத்துக்கு அட்டவணை போட்டு பிரிட்ஜில் ஒட்டினார். தலைப்புக்கு அடியில் இரண்டு கோடு வேறு. பெனிஷா ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினாள். அவர் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் ஓடுகிறார் என்று அது அவளுடைய போனுக்குச் சொல்லிவிடும்.

தினமும் காலை ஐந்து மணிக்கு தட்டார்மடம் ரோட்டில் கிளம்புவார். ஆறரைக்கெல்லாம் வேர்வையே இல்லாமல் திரும்பி வருவார். "பத்து கிலோமீட்டர்" என்று வாட்சைக் காட்டுவார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது வாரம் பெனிஷா போன் பண்ணினாள்.

"அப்பா, நேத்து ஒரு கிலோமீட்டர ஒன்றரை நிமிசத்துல ஓடியிருக்கிய. மனுசன் எவனும் இதுவரைக்கும் அப்படி ஓடுனதில்ல."

இவர் வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தார். விஷயம் வெளியே வந்தது. வாழைத்தார் ஏற்றிப் போகும் இசக்கிராஜா, இவரிடம் பத்தாம் வகுப்பு படித்தவன், குட்டியானை வண்டியை நிறுத்தி, "எங்கன போறிய சார்? ஏறுங்க" என்பானாம். அவனை விட்டால் பால்காரர். பால்காரரை விட்டால் டியூட்டிக்குப் போகும் நர்ஸம்மா. சார் வேர்க்க விறுவிறுக்க ரோட்டில் ஓடுவதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் ஒருவன் சும்மா போனால், அவன் வளர்ப்பே சரியில்லை என்று அர்த்தம்.

"நான் ஓடுதேன்டேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். ஓடி எதுக்கு சார் கஷ்டப்படுதிய, நான் விட்டுருதேங்கான்."

அன்றிலிருந்து காவலுக்கு நானே கிளம்பினேன். தபாலாபீசில் முத்திரை குத்துகிற எனக்கு இல்லை என்று சொல்வதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டாம். அவர் முன்னால் ஓட, நான் ஸ்கூட்டரில் பின்னால் போவேன். வண்டி எது நின்றாலும், "அவர் ஏற மாட்டாரு, நீங்க போங்க" என்பேன். இடையிடையே, "நத்தை ஓவர்டேக் பண்ணுது, வழி விடுங்க" என்றும் சொல்வேன். அவருக்குக் கோபம் வந்தால் கொஞ்சம் வேகமாக ஓடுவார். அதனால் நிறையச் சொன்னேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. எங்கள் சர்ச் போதகர் ஜெபசீலன் ஐயர், வேதப் புத்தகமும் கையுமாக வீட்டுக்கு வந்துவிட்டார். உட்கார்ந்ததும் "அன்பு நீடிய சாந்தமுள்ளது" என்று வசனம் சொல்லி ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சாரை விடியக்காலம் ரோட்டுல நடக்க விட்டுட்டு, நீங்க வண்டில பின்னாலயே விரட்டிக்கிட்டுப் போறியளாம். யாரு இரக்கப்பட்டு ஏறச் சொன்னாலும் விட மாட்டேங்கியளாம். சபைல எல்லாரும் வருத்தப்படுதாங்கம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பிரிட்ஜில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டி விளக்கினேன். ஐயரும் சிரித்துவிட்டு ஜெபம் பண்ணி எழுந்தார். "சார், பஜாருக்குத்தான போறிய? ஏறுங்க" என்று பைக்கைக் கிளப்பினார். இவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் தேரி மணலிலேயே ஓடிப் பழகினார். அங்கே வண்டி வராது. ஷூவிலிருந்து தினமும் ஒரு ஆழாக்கு மணல் கொட்டும். எட்டு மாதத்தில் பதினொரு கிலோ குறைந்தார், சுகரும் இறங்கியது. ஆனால் கல்யாண வீட்டில் லட்டை நீட்டினால் இன்னும் கை போனது. அதுதான் என் பயம். நான் எத்தனை நாள் பின்னாலேயே போக முடியும்?

மாரத்தான் அன்று காலை ஐந்து மணிக்கு ஓட விட்டார்கள். பாதை முழுவதும் மணலுக்குள். கடைசி நாலு கிலோமீட்டர் மட்டும் மண்ரோடு. அது ஆரம்பிக்கும் இடத்தில் நான் ஸ்கூட்டரோடு நின்றேன். சாரைப் பார்க்க இசக்கிராஜாவும் குட்டியானையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

மணி பன்னிரண்டு அடித்தபோது மேட்டிலிருந்து இறங்கினார். முகம், பனியன் எல்லாம் செம்மண். இடது கால் இழுத்தது. உதடு வெடித்திருந்தது.

"சார்!" என்று இசக்கிராஜா ஓடினான். "நாலு கிலோமீட்டர்தான். இங்கன ஒருத்தனும் பாக்கல. ஏறுங்க சார்."

இவர் வண்டியைப் பார்த்தார். அல்வாத் துண்டைப் பார்ப்பாரே, அதே பார்வை. கை மெல்லப் போய் வண்டியின் பின்கதவைப் பிடித்தது. நான்தானே காவல், நான் அப்போது தடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு மாமனாரின் கடைசி நாள் ஞாபகம் வந்துவிட்டது. எட்டு மாதக் கேலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"போதும்ங்க" என்றேன். "எனக்குப் பயமா இருக்கு. ஏறிருங்க."

அவர் கையை எடுத்தார்.

"வேண்டாம்டே ராஜா."

அவன் முகம் சுருங்கிவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் அந்த முகத்துக்காகவே ஏறியிருப்பார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேண்டாம்ளா. மூச்சு நல்லாத்தான் இருக்கு. கால்தான் வலிக்கு."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் வேண்டாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்கூட்டர் சாவியை இசக்கிராஜா கையில் கொடுத்துவிட்டு, செருப்போடு ரோட்டோரமாகவே அவர் கூட நடந்தேன். ஒரு பனங்கூட்டத்தைத் தாண்டும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எங்கப்பாவும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சூடாக, மணலாக இருந்தது.

எட்டு மணி நேரத்துக்கு இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினார். ஒரு பெண் கழுத்தில் பதக்கத்தைப் போட்டுவிட்டு லட்டுத் தட்டை நீட்டினாள். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன்.

"வேண்டாம்மா, தண்ணி மட்டும் குடு" என்று குரல் கேட்டது.

இசக்கிராஜா என் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். அவனுக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை. 'ஏறுங்க' என்று சொல்லவே யோசித்தான். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

"என்ன சார், இப்பமாவது ஏறுவியளா?" என்றேன்.

"இப்ப ஏறுதேன்" என்று, இசக்கிராஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்க முடியாமல் தூக்கி என் பின்னால் உட்கார்ந்தார்.