மச்சான் நம்பருக்கு வந்த மெசேஜ்

சாரத்திலிருந்து விழுந்த பெயின்டருக்கு எலும்பு கூடிவிட்டது, மனசுதான் கூடவில்லை. கால் நடக்கத் தயார், ஆள் அறையை விட்டு வரத் தயாரில்லை. மனைவி கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். கடைசியில் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனாள். டாக்டரைப் பார்க்க நெடுநாள் காத்திருக்க வேண்டுமாம்.

"அதுவரைக்கும் தினமும் காலையில ஆறுதலா ஒரு மெசேஜ் அனுப்புவோம். பதிலும் போடலாம், நான் பார்ப்பேன்" என்றார் நர்ஸ்.

பெயின்டரின் போன் அவரோடு விழுந்து நொறுங்கியிருந்ததால், அண்ணன் தன் நம்பரைக் கொடுத்தார்.

அண்ணன் பஸ் கண்டக்டர். வெண்கலக் குரல். வேலைக்குப் போகும் வழியில் தங்கை வீட்டுக்கு வந்து, மூடிய கதவுக்கு முன் நின்று, அடுத்த நிறுத்தத்தைக் கூவுகிற தொனியிலேயே வாசித்தார்:

"இன்று எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டாம். முகம் கழுவினால் போதும்."

கதவு திறக்கவில்லை. கல்லில் நார் உரிக்கிற வேலைதான். ஆனாலும் மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். 'மெதுவாக மூச்சு விடுங்கள்' என்பதை அவர் கத்திய கத்தலில் ஒருநாள் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

"மச்சான், மெதுவான்னு எழுதியிருக்கறத இப்படியா வாசிப்பாங்க?"

உள்ளேயிருந்துதான் குரல் வந்தது. தங்கை கரண்டியும் கையுமாக ஓடிவந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நின்றாள்.

அன்றிலிருந்து கதவு ஒருக்களித்தே இருந்தது. 'நம்புகிற ஒருவரிடம் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்' என்று வந்த காலையில் பெயின்டர் வாய் திறந்தார்.

"கண்ண மூடினா விழுந்துக்கிட்டே இருக்கேன் மச்சான். தரையே வரமாட்டேங்குது."

கண்டக்டர் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ள, இத அந்த நர்ஸுக்கு அனுப்பட்டா?"

பெயின்டர் தலையாட்டினார். அன்றைக்கே நர்ஸ் போன் செய்தார். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

அப்புறம் போகவும் வரவுமாக இருந்தார்கள். ஒருநாள் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த பெயின்டர், காத்திருக்கும் இடத்துச் சுவரைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார்.

"யாரு அடிச்சது இத? ரெண்டாவது கோட்டே குடுக்கல."

எத்தனையோ மாதமாகப் பெயின்ட் பேச்சையே எடுக்காத மனுஷன். தங்கைக்கு அந்தக் குறை காதில் தேனாகப் பாய்ந்தது.

"அப்ப நீங்களே வந்து அடிச்சுக் குடுங்க" என்றார் நர்ஸ். "புது போன்தான் வாங்கிட்டீங்களே, மெசேஜையும் அந்த நம்பருக்கு மாத்திடவா?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "மாத்துங்க சிஸ்டர். ஆனா என் நம்பரையும் விட்டுடாதீங்க."

"உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"அது ஒரு பஸ் நிறைய இருக்கு."

நர்ஸ் சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு நேரம் குறித்துக் கொடுத்தார்.

பெயின்டர் முதலில் கைக்கு எட்டிய உயரம் வரை அடித்தார். மேல்பாதிக்கு ஏணி ஏற இன்னும் சில வாரம் ஆனது. ஏறிய அன்று, ஏணியை அமுக்கிப் பிடித்திருந்த கண்டக்டரின் வழுக்கையில் சொட்டுச் சொட்டாகப் பெயின்ட் விழுந்தது. துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. துடைத்துவிட வந்த தங்கைக்குச் சிரிப்பு ஒழியவில்லை.