முப்பத்தெட்டாம் எண் வரைபடம்

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆள் மாறும் இடத்தைக் கயிறு கட்டி அடைத்துவிடுவார்கள். அப்புறம் அம்மா வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? மிச்சமிருப்பவர்களை மொத்தமாக நிறுத்தி, விசில் ஊதிக் காட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். சிக்னே காட்டையே எட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்ன சிக்னே, உங்கம்மா காளான் பொறுக்கப் போயிட்டாங்களா?" என்றான் பக்கத்தில் வேறு அணிக்காகக் காத்து நின்ற ஹல்வார்.

"வாய மூடிட்டு நில்லு."

வரைபடத்தைப் பார்த்துக் காட்டில் குறிகளைத் தேடி ஓடும் தொடர் ஓட்டம் அது. அம்மா குன்வோர் தன் சுற்றை முடித்துவிட்டு, பலகையில் அணி எண்ணோடு வரிசையாகத் தொங்கும் படங்களில் சிக்னேயுடையதை எடுத்து வந்து கொடுக்க வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவள் பலகைப் பக்கம் போகக் கூடாது.

குன்வோருக்கு எம்.எஸ். நரம்பை அரிக்கும் அந்தப் பாழாய்ப்போன நோய்க்கு ஒரு குணம் உண்டு. உடம்பு சூடேறினால் கண் மங்கிவிடும், ஆறினால் பார்வை திரும்பிவிடும். ஓடியே வாழ்ந்தவளுக்குப் போயா இப்படி ஒரு நோய் வர வேண்டும்! போன இரண்டு வருஷமும் அவள் வருவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். மகள் நின்றிருந்த காலி இடத்தைப் பார்த்தபடி வந்து நின்றாள்.

"இந்த வருஷம் என் கையால குடுப்பேன்" என்று காலையில் காரில் சொல்லியிருந்தாள். "படத்துல என்னிக்கு நான் தப்பு பண்றேனோ, நீயே சொல்லிடு. அன்னிக்கே ஓடறத நிறுத்திடறேன். பரிதாபப்பட்டு மறைக்கக் கூடாது. சொல்வியா?"

"சொல்றேம்மா."

மரங்களுக்கு நடுவே சிவப்புச் சட்டை தெரிந்தது. அம்மாதான்! ஆகஸ்ட் வெயிலில் முகம் வெந்து, இடது காலை இழுத்துக்கொண்டு வந்தாள். பலகையைத் தடவினாள். ஒன்றை உருவிக்கொண்டு ஓடி வந்து சிக்னேயின் கையில் திணித்தாள்.

"குடுத்துட்டேன்டி! ஓடு!"

சிக்னே எண்ணைப் பார்த்தாள். அவர்கள் அணி முப்பத்தாறு. கையில் இருந்தது முப்பத்தெட்டு. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள், அத்தனை பல்லும் தெரிய. அப்படி அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். வழியெல்லாம் அழுதாள்.

வேறு அணியின் குறிகளையெல்லாம் தேடி முடித்துத் திரும்பியபோது, படம் மாறிப்போனதால் அவர்கள் அணியைத் தகுதி நீக்கம் செய்திருப்பதாக ஒலிபெருக்கி அறிவித்தது. குன்வோர் தலையில் ஈரத்துண்டோடு புல்லில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், ஓடி முடித்தவர்களுக்குக் கொடுக்கும் ப்ளூபெரி சூப் தொடாமல் இருந்தது.

"அவசரத்துல எண்ணைப் பாக்கலம்மா. என் தப்புதான்."

அம்மா கையை நீட்டிப் படத்தை வாங்கினாள். உடம்பு இப்போது ஆறியிருந்தது. எட்டு, எட்டாகவே தெரிந்தது.

"ஏழு வயசுலேர்ந்து எண்ணைப் பாக்காம நீ ஒரு அடி வச்சதில்ல."

சிக்னே குனிந்து புல்லைக் கிள்ளினாள்.

"சொல்றேன்னு சொன்னியேடி" என்றாள் அம்மா. கோபமே இல்லை குரலில். "உன்னாலயே சொல்ல முடியாத அளவுக்கு ஆயிடுச்சா எனக்கு?"

சிக்னே அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். குன்வோர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு குனிந்து, தன் ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள்.