முதலில் அவளுக்கு

போதகர் அப்பத் தட்டோடு கட்டிலருகே குனிந்தபோது, அக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

தங்கை தலைமாட்டில் நின்று தலையணையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அக்காவின் தலை எடையே இல்லாமல் அதில் கிடந்தது. பிற்பகல் வெயில் திரைச்சீலை வழியாக இறங்கி, மருந்துப் புட்டிகள், சுவர், போதகரின் நரைத்த மீசை எல்லாவற்றையும் ஒரே மஞ்சளாக்கியிருந்தது. சரியாகத் தூங்கிப் பல நாளாகிவிட்டதால், அந்த அறை தரையில் நிற்பதாகவே தங்கைக்குத் தோன்றவில்லை. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அது மெல்ல எங்கோ மிதந்து போவதாகப் பட்டது.

இன்று ராத்திரியைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையிலேயே மருத்துவர் கைவிரித்துவிட்டார். அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து வேண்டும் என்று போதகரை வரச்சொன்னதே அக்காதான். இப்போது அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், அக்காவின் மகள் கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"மொதல்ல அவளுக்குக் குடுங்க."

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள்.

தங்கை தையல்காரி. அக்கா மகளின் கல்யாணத்துக்கு வெள்ளை கவுன் தைத்தவள்; ஒவ்வொரு மணியாகக் கையாலேயே கோத்து, கண் வீங்கத் தைத்தவள். கல்யாணத்தன்று மணப்பெண் கடையில் வாங்கிய கவுனில் வந்து இறங்கினாள். "இவ தைச்சதை வீட்டுக்குள்ள போட்டுக்கலாம், கோயிலுக்கு ஆகுமா?" என்று அக்கா நாலு பேர் காதுபட வேறு சொல்லிவிட்டாள். நடந்தது அவ்வளவுதான். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். தங்கைக்கோ ஊசி விரலில் ஏறி உள்ளேயே முறிந்துபோன மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அவள் திருவிருந்து வாங்கவில்லை. மனசில் பகையை வைத்துக்கொண்டு ஆண்டவருடைய மேசையில் பொய்யாகக் கைநீட்ட அவளால் ஆகாது. மன்னித்துவிட்டுப் போகலாமே என்றால், அக்கா வந்து கேட்டால்தானே மன்னிக்க? அக்காவாவது வருவதாவது! ஆகவே அப்பம் பிட்கும் நேரம் வந்தால் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வெளியே போய்விடுவாள். வருஷங்கள் இப்படியே ஓடின. அக்கா படுக்கையில் விழுந்ததும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தாள். துடைத்தாள், ஊட்டினாள், உடை மாற்றினாள்; தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பணிவிடையிலும் வீம்புதான். நீ மட்டம் தட்டிய கைதான் உன்னைத் தூக்குகிறது, பார்த்துக்கொள் என்கிற வீம்பு.

"எனக்கு வேணாம் ஐயா. அவளுக்கே குடுங்க."

அக்கா அவளைத் தேடுவதுபோல் கண்ணை மேலே உயர்த்தினாள்.

"நான் முன்னாடி வரிசையிலதான உக்காந்திருப்பேன். நீ எழுந்து போற சத்தம் ஒவ்வொரு தடவையும் கேக்கும். திரும்பிப் பாக்க மாட்டேன்." மூச்சு வாங்கியது. "என்னாலதான பட்டினி கெடந்தே. நீ வாங்காம எனக்கு எறங்காதுடி."

மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரவில்லை. அது அந்த வாய்க்குப் பழக்கமில்லாத சொல்.

தங்கைக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சாகும்போதும் அதிகாரம். ஆனால் தன்னால் அக்கா வெறும் வாயோடு போய்விடுவாளோ என்று பயமும் வந்தது. தெருவில் வண்டிகள் போகும் ஓசை தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் கேட்டது. கண்ணை மூடினாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லப் பார்த்தாள், நெஞ்சு ஒத்துழைக்கவில்லை. 'ஆண்டவரே, மனசு வரல. கையை மட்டும் நீட்டறேன். மிச்சத்தை நீர்தான் பாத்துக்கணும்' என்று உள்ளுக்குள் சொன்னாள்.

தலையணையை மெல்ல இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அப்பம் நாக்கில் கரைந்தது. இத்தனை காலம் பசித்திருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. நின்றபடியே அழுதாள்.

போதகர் இன்னொரு துண்டைப் பிட்டு அவளிடமே தந்தார். அதைத் திராட்சரசத்தில் தொட்டு அக்காவின் வாயில் வைத்தாள். அக்கா வெகுநேரம் மென்றாள். புருவம் சுருங்கியது.

"நல்லா நனைக்கலையே."

மகள் கூசிப்போய், "அம்மா..." என்றாள். தங்கை அந்தப் பழைய வலிக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. சிரிப்பு வந்தது.

"சரிக்கா."

அக்கா என்று கூப்பிட்டே எவ்வளவு காலமாயிற்று! இன்னொரு துண்டை எடுத்து, விரல் வழியாக ரசம் வழிய வழிய நனைத்து நீட்டினாள். அக்கா குழந்தைபோல் வாயைத் திறந்தாள். விழுங்கினாள். அப்புறம் பேசவில்லை. வெயில் சுவரைவிட்டு இறங்குவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

சாயங்காலம் சபைப் பெண்கள் வந்து கூடத்தை நிறைத்தார்கள். வயதான ஒருத்தி தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியாக அக்கா என்ன சொன்னாள் என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். ஏதாவது வசனமாக இருக்கும் என்ற ஆசை அவள் முகத்தில் தெரிந்தது. மகள் தலை குனிந்துகொண்டாள்.

"நல்லா நனைக்கலையேன்னு சொன்னா," என்றாள் தங்கை.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டினாள். தங்கையின் கைகள் மடியில் கிடந்தன. விரல்களில் திராட்சரசம் பிசுபிசுவென்று காய்ந்திருந்தது. அவள் இன்னும் கை கழுவவில்லை.