ரொட்டி பற்றி ராக்கம்மா சொன்னது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் எழுத உட்கார்ந்தது உணவுத் தன்னிறைவு பற்றிய ஒரு கட்டுரை. மூன்றாம் பந்தியில் ராக்கம்மா எழுந்து பேசத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு கட்டுரை நகரவில்லை.

இலங்கையில் தமிழருக்கு எதிரான எண்பத்து மூன்று கலவரம் முடிந்து இரண்டு வருடம். கண்டியில் ஒரு கூட்டம். தேயிலைத் தோட்டங்களுக்கும் பேக்கரிகளுக்கும் போகும் மலிவுக் கோதுமை மாவைக் குறைத்து, உள்ளூர் அரிசி கொடுக்கலாமா என்று அரசாங்கத்தார் கருத்துக் கேட்டார்கள். குறிப்பெடுத்தவர் விமலநாதன், உணவுக் காரியாலய எழுதுவினைஞர், ஊர் யாழ்ப்பாணம். [குறிப்பெடுப்பவரைக் கதாநாயகனாக்குவது எழுதுகிறவனின் பலவீனம். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

பிலிமத்தலாவை அரிசி ஆலைக்காரர் கேட்டார்: "கப்பல் வராத நாளில் இந்த நாடு எதைத் தின்னும்?" நியாயமான கேள்வி. அதை மட்டந்தட்ட நான் எழுதிய மூன்று வரிகளையும் அடித்துவிட்டேன். கம்பளையில் பேக்கரி வைத்திருந்த மஹ்மூத், அரிசி மாவில் பாண் உப்பி எழும்பாது என்றார்.

ராக்கம்மா கொழுந்து பறிப்பவர். கடைசிக் கதிரையிலிருந்து எழுந்தார்.

"சோறுன்னா கறி வேணுங்க. ரொட்டிக்குக் காரமா ஒரு கொச்சிக்கா போதும். மலையில நின்னுக்கிட்டே தின்னுட்டு அடுத்த நிரைக்குப் போயிருவோம். கறிக்கு ஒரு வழி சொல்லிட்டு அரிசியக் குடுங்க."

2

விமலநாதன் அடிக்கோடிட்டது இந்தப் பேச்சை மட்டும்தான். அறிக்கையைப் படித்த மேலதிகாரி சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: தோட்டத்துத் தமிழ்ப் பெண் சொன்னதை யாழ்ப்பாணத் தமிழர் எழுதினால் மேலே அதை அரசியலாக வாசிப்பார்கள், பேக்கரிக்காரர் சொன்னதாகப் போடுங்கள், பிரச்சினை வராது. [இவரைக் கெட்டவராக்கப் பார்த்தேன், முடியவில்லை. கலவரத்தின்போது விமலநாதனைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர் இவர்தான், அதனால்... வேண்டாம், அது வேறு கதை.]

விமலநாதன் மஹ்மூத்திடம் போனார்.

"மெய்தான் சேர், நல்ல பேச்சு," என்றார் மஹ்மூத். "ஆனா என்ட பேச்சில்லையே. அவங்கட பசிய என்ட பேர்ல எழுதினா, மாவும் என்ட பேக்கரிக்குத்தானே வரும்?"

3

மறுநாள் விமலநாதன் தோட்டத்துக்கே ஏறிப்போனார்.

"அம்மா, நீங்கள் சொன்னதை உங்கட பேரிலேயே எழுதப்போறன்."

ராக்கம்மாவின் முகம் சுருங்கியது. "பேரு வேணாங்க சார். எம் மகன் பேர யாரோ ஒரு தாள்ல எழுதுனாங்க. அத வச்சுத்தான் ஆமிக்காரங்க கூட்டிட்டுப் போனாங்க. இன்னும் வரல."

"அப்ப ஆர் சொன்னதாய் எழுதுறது?"

"நீங்க சொன்னதாப் போடுங்களேன். நீங்களும் ரொட்டி திங்கிறவங்கதானே?"

விமலநாதனுக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் ராக்கம்மாவுக்குத் தெரிந்துவிட்டதே என்று வெட்கமாகவும் இருந்தது.

4

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் விமலநாதன் தன் பெயரைப் போடுகிறார், தண்டனையாக வவுனியாவுக்கு மாற்றப்படுகிறார். நல்ல மனிதராகத் தெரிகிறார். ஆனால் தோட்டத்துக்கு மாவு வந்ததா என்று எழுதவே நான் மறந்துபோனேன். மற்றதில் மஹ்மூத்தின் பெயரைப் போடுகிறார். மாவு வருகிறது, பேக்கரிக்கு.

மூன்றாவதை நீங்கள் எழுதுங்கள். எழுதுமுன் ராக்கம்மாவை ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு மணிக்குக் கொழுந்து நிறுக்க இறங்கி வருவார்.