செல்லப்பா போட்ட ஓட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. முனியாயி வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு மகா உள்ளே போனாள். பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியின் சுக்கு வாசனை அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. மட்டாஞ்சேரியில் மழை நாளில் அந்த வாசனை இமையை அழுத்தும்; விழித்திருக்கிறோமா, உறங்கிவிட்டோமா என்றே தெரியாது.

மகாவுக்குக் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. ஓய்வு நேரத்தில், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருக்கும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் மலையாளத்தில் கட்டுரைகள் எழுதுவாள். இப்போது எழுதுவது முனியாயியின் கணவர் செல்லப்பாவைப் பற்றி. போன வருஷம் இறந்துபோனவர். துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பான லைனிலிருந்து கவுன்சிலரான முதல் ஆள். மகா சிறுமியாய்க் காய்ச்சலில் கிடந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். அந்தத் தோளின் பீடி மணம் இன்னும் நினைவிருந்தது. அதனாலேயே ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு எழுதினாள்.

கட்டுரை ஒரே ஓட்டில் வந்து முட்டி நின்றது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது செல்லப்பா எதிரணிக்கு ஓட்டுப் போட, மாநகராட்சியில் அவர் கட்சியின் ஆட்சியே கவிழ்ந்தது. பத்திரிகைகள் அப்படித்தான் எழுதியிருந்தன. லைனில் வேறு கதை: பாவம், ஓட்டுச் சீட்டிலிருந்த மலையாளத்தை வாசிக்கத் தெரியாமல் மாற்றிக் குத்திவிட்டார். அவருடைய கூட்டாளி பாண்டியராஜ் நினைவு மலரில் அதையே அச்சிட்டிருந்தார். மகாவுக்கும் அதை நம்ப ஆசை. மலரைச் சான்றாகக் காட்டி அந்த வரியைச் சேர்த்தும்விட்டாள். மனசு ஒப்பவில்லை. அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

முனியாயி பாலில்லாத கட்டன் சாயாவை நீட்டினாள். கேள்வியைக் கேட்டதும் சிரித்தாள்.

“வாசிக்கத் தெரியாதா? எனக்குத் தெனமும் மலையாளப் பேப்பர் வாசிச்சுக் காட்டுனது யாரு, பாண்டியா?”

“பின்னே எதுக்கு அத்தே?”

“தெரிஞ்சுதான் போட்டாவ. லைனுக்குக் குழாய் போட்டுத் தாறோம்னு மத்தவங்க வாக்குக் குடுத்தாங்க. குழாய்ல குடிக்க வெள்ளம் வந்துச்சுல்லா?” அவள் முகம் மெல்ல மாறியது. “துரோகின்னு ஊரே சொன்னப்ப நிமிந்துதான் நடந்தாவ, கேட்டியா. எழுத்துத் தெரியாதவருன்னு நம்ம ஆளுவளே எரக்கப்பட ஆரம்பிச்சாங்க பாரு. அதுக்கப்புறம் சாயாக்கடைப் பக்கமே போகல.”

மகா தம்ளரைக் கீழே வைத்தாள்.

“இத நீங்க சொன்னதா எழுத முடியாது அத்தே. சம்பந்தம் இல்லாத ஒருத்தர் விசாரிச்சு, எங்கேயாவது அச்சாகியிருக்கணும்.”

“பாண்டி சம்பந்தம் இல்லாதவனா?”

“இல்ல, கூட்டாளிதானே. அவர் வரிய எடுத்துடுறேன். அப்போ பேப்பர்ல வந்தது மட்டும்தான் நிக்கும்.”

“துரோகின்னா?”

“அந்த வார்த்தை வராது. எதிரணிக்கு ஓட்டுப் போட்டார்னு மட்டும்.”

“செரி,” என்றாள் முனியாயி. “அவுக செஞ்சது அதுதானே.”

அங்கேயே உட்கார்ந்து மகா அந்த வரியை நீக்கினாள். சாயங்காலம் பாண்டியராஜ் போன் செய்தார்.

“எந்தா மகா இது? செத்த மனுசனோட மானத்த நாங்க காப்பாத்தி வச்சிருக்கோம், நீ எடுத்துக் கடல்ல போட்டுட்டியே. நீ நம்ம லைன்காரிதானா?”

முனியாயி சொன்னது வாய்வரை வந்தது. அதைச் சொல்ல வேண்டியவள் முனியாயி அல்லவா. “மன்னிச்சுக்குங்கண்ணே,” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை எறணாகுளம் போகும் படகில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கட்டுரையைத் திறந்தாள். யாரோ அந்த வரியைத் திரும்பச் சேர்த்திருந்தார்கள். மறுபடி நீக்கினாள். திருத்தத்துக்குக் காரணம் கேட்ட கட்டத்தில், ‘நெருங்கியவர் எழுதிய மலர், நடுநிலையான சான்று அல்ல’ என்று எழுதினாள். காலியான இடத்தில் குழாயைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் தட்டினாள். மெல்ல வாசித்துப் பார்த்தாள். அழகாக இருந்தது. சான்றுதான் இல்லை. ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

வெளியே மழைப்புகையில் எதிரேயுள்ள வைப்பின் தீவின் கரை காணாமல் போயிருந்தது. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு வள்ளம் அசையாமல் நின்றது. அதிலிருந்தவன் கையைக் குவித்து யாரையோ கூப்பிட்டான். வெளுப்புக்குள் எங்கிருந்தோ பதில் குரல் வந்தது. ஆள் தெரியவில்லை. அவன் அந்தத் திசையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் துடுப்பைத் துழாவத் தொடங்கினான்.