மைக் போடப் போகிறவர்

பரலோகத்தில் யாருக்கு இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மைக் அண்ணனுக்குக் கிடைப்பது நிச்சயம். இதை அவரே சொல்லியிருக்கிறார். விளையாட்டாக அல்ல, முகத்தில் ஒரு சிரிப்புக்கோடுகூட இல்லாமல், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும். பத்தொன்பது வயதில், ஒரு நற்செய்திக் கூட்டத்தில், மழையில் தொப்பலாக நனைந்தபடி முன்னால் போய் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். அதோடு விஷயம் முடிந்தது. அவர் தொழில்முறை மெக்கானிக். "நான் ஒரு நட்டை முறுக்கினா முறுக்கினதுதான். மறுபடி தொட வேண்டிய வேலையே கிடையாது. நான் முறுக்கினதே அப்படின்னா, ஆண்டவர் முறுக்கினது எப்படி இருக்கும்?" என்பார். இதற்கு எதிர்வாதம் செய்ய இதுவரை யாரும் முன்வரவில்லை. வாதத்தில் பலம் இருந்ததா, அவர் தொண்டையில் பலம் இருந்ததா என்பது ஆராயப்படவில்லை.

சபை கூடுவது ஒரு மருந்துக்கடையின் மாடியில் வாடகைக்கு எடுத்த கூடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்னால் ஒரு பழைய கம்பளம், பின்சுவரை ஒட்டி சவுண்டு மேஜை. அந்த மேஜைக்குப் பின்னால்தான் மைக் அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர், "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க, யாரும் யாரையும் பார்க்க வேண்டாம்" என்று சொல்லி, மனந்திரும்ப விரும்புகிறவர்களைக் கை உயர்த்தி முன்னால் வரச் சொல்லுவார். அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாஸ்டர். இன்னொருவர் கீபோர்டின் சத்தத்தைக் குறைக்க வேண்டிய மைக் அண்ணன். அவர் இந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்தினார். யார் கையைத் தூக்கினார்கள், யார் பாதி தூக்கித் தலையைச் சொறிவதுபோல் இறக்கினார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

தவறாமல் முன்னால் போகிற ஒரே ஆள் அவருடைய சொந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி. கம்பளத்தில் முழங்கால் போட்டு, இரண்டு கைகளையும் விரித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, வெளியூர்ப் பேருந்துக்குக் காத்திருக்கிறவன்போல் பொறுமையாக உட்கார்ந்திருப்பான். மைக் அண்ணன் அவனுக்கு 'ரினீவல்' என்று பெயர் வைத்திருந்தார். லைசென்ஸ் மாதிரி, இவனுடைய ரட்சிப்பு அப்பப்போ காலாவதி ஆகிவிடுகிறதாம்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டில் இதுதான் தொட்டுக்கொள்ள. ஒருநாள் அவர் ரொம்பவே உற்சாகமாகி, "ஒரே பொண்ணை எத்தனை தடவடா கல்யாணம் பண்ணுவே?" என்று கேட்டார்.

மச்சான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "கல்யாணம் ஒரு தடவதான் மாமா. மன்னிப்பு ஒரு தடவையோடவா முடியுது?"

"மன்னிப்புன்னு ஒண்ணை இவங்க கேட்டதே கிடையாதுடா, என்கிட்ட" என்றாள் மனைவி, அவருடைய தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றை வைத்தபடி. மைக் அண்ணன் பேச்சை மாற்றினார்.

மச்சானும் அவரும் வேலை பார்த்தது ஒரே இடத்தில். ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய லாண்டரி. மெஷின்களைப் பழுது பார்ப்பது மைக் அண்ணன். அவற்றில் துணி போட்டு எடுப்பது மச்சான். வேலைக்குச் சேர்த்துவிட்டது தான்தான் என்பதை மச்சானுக்கு மறந்துபோகாதபடி அவர் பார்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி விரிப்புகள் கொதிக்கிற சூட்டில் வேகவேண்டும், அதுதான் ஒப்பந்தம். ஒருநாள் கடைக்கோடி மெஷினில், தண்ணீரைச் சூடாக்குகிற ஹீட்டர் காயில் எரிந்துபோய்விட்டது. கண்டுபிடித்ததே மைக் அண்ணன்தான். மேனேஜரிடம் போய்ச் சொன்னார். புதுசு வந்து சேர ஒரு வாரம் ஆகும், அதுவரை சும்மா ஓட்டு, துணி வெள்ளையாகத் தெரிந்தால் போதும் என்றார் மேனேஜர். மைக் அண்ணன் சரிங்க என்றார். மெஷின் கதவின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மச்சான் ஓடி வந்தான். கண்ணாடி சில்லென்று இருக்கிறது, இது நோயாளிகள் படுக்கிற துணி, பச்சைத் தண்ணீரில் அலசி எப்படி அனுப்புவது என்று பதறினான். சோப்புத்தூளைக் கொஞ்சம் கூடப் போடு என்று அண்ணன் ஆலோசனை வழங்கினார்.

புதுக் காயில் வந்து, அதை மாட்டியும் முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். துணிமணிகளுக்குப் பொறுப்பானவர். கையில் மடித்த விரிப்பு ஒன்று. மெஷின்களுக்கு நடுவில் நின்று அதை முகர்ந்து பார்த்தார், மேனேஜரிடமும் நீட்டினார். மேனேஜர் முகர்ந்துவிட்டு, பையன் சூட்டுப் பொத்தானைப் போட மறந்திருப்பான் என்று சட்டென்று மச்சானைக் கை காட்டினார்.

மச்சான் நடந்ததை நடந்தபடி சொன்னான். கடைக்கோடி மெஷினில் தண்ணீர் ஒரு வாரம் சூடாகவே இல்லை, எல்லாருக்கும் தெரியும் என்றான். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. மேனேஜர் மைக் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் வீட்டு வாடகை, மகளின் படிப்பு எல்லாமே இருந்தது.

"நீங்கதானே மெக்கானிக்?" என்றார் அந்த அம்மா. "நீங்களும் இந்தத் தம்பி போற சர்ச்தானாமே. நீங்க சொல்லுங்க, நான் அப்படியே நம்பிக்கிறேன்."

இருபத்தைந்து வருடமாக ஊருக்கெல்லாம் சாட்சி சொல்லக் காத்திருந்தவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. சாட்சி கேட்கிறார்கள், கேட்பவர் நம்பவும் தயாராக இருக்கிறார். மைக் அண்ணன் கையிலிருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான்.

"நான் அங்க மைக் போடத்தாம்மா போறேன்" என்றார். "மத்தபடி இவங்க அளவுக்கெல்லாம் இல்ல. மெஷின் நல்லாத்தான் ஓடுச்சு."

மேனேஜர் சிரித்தார். கூடவே மைக் அண்ணனும் கொஞ்சம் சிரித்தார். மச்சான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். காதுமடல் வரை சிவந்துவிட்டது. வெட்கப்பட வேண்டியவர் வெட்கப்படாததால் அந்த வேலையையும் அவனே பார்க்கவேண்டியதாயிற்று. வீட்டுக்குப் போ, தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று மேனேஜர் அவனை அனுப்பினார். மேலங்கியைக் கழற்றி ஒழுங்காக மடித்துக் கூடையில் போட்டுவிட்டுப் போனான்.

மாலை வீட்டுக்கு வந்தால், மனைவிக்கு விஷயம் பாதி தெரிந்திருந்தது. தம்பி போன் பண்ணி, வேலை போயிற்று, யாரோ தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னானாம். யார் என்று துருவித் துருவிக் கேட்டும் வாயைத் திறக்கவில்லையாம். "நீங்க அங்கதானே இருந்தீங்க? யாருங்க அது?"

சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றார். மெஷின் சத்தத்தைச் சொன்னார்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் செய்வது அவர் பொறுப்பு. அன்றைக்கு மனைவி குறிப்பும் கொடுத்தாள். "என் தம்பிமேல பொய் சொன்னவங்க யாரா இருந்தாலும் அவங்க வெட்கப்படணும்னு ஜெபம் பண்ணுங்க."

மைக் அண்ணன் கண்ணை மூடி, தொண்டையைச் செருமி, அப்படியே ஜெபித்தார். மனைவி ஆமென் என்றாள். அவரும் ஆமென் என்றார். வாழ்நாளில் அவர் ஏறெடுத்த ஜெபங்களிலேயே இவ்வளவு சீக்கிரம் பதில் கிடைத்த ஜெபம் வேறில்லை. மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல், தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தார்.

அடுத்து வந்த நாட்களில் அவர் தன்னிடமே வாதாடிப் பார்த்தார். ரட்சிப்பு போகாது, அதில் அவருக்கு இப்போதும் சந்தேகமில்லை. வேறொரு சந்தேகம்தான் குடைந்தது. மழையில் நனைந்துகொண்டு முன்னால் போனவனையல்லவா ஆண்டவர் ரட்சித்தார்? லாண்டரியில் நின்றவனோ, தான் மைக் போடப் போகிறவன் என்கிறான். இந்த ஆளைப் பரலோக வாசலில் நிறுத்தி யார் நீ என்று கேட்டால் என்ன சொல்லுவான்? உள்ளே ஸ்பீக்கர் கட்ட வந்தேன் என்பானா? குளிக்கும்போதுதான் இது தோன்றியது. சோப்பு நுரையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

சனிக்கிழமை கூடத்தில் மைக்கைச் சோதிக்கப் போனார். வழக்கமாக மைக்கைத் தட்டிவிட்டு, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று கணீரென்று சொல்லித்தான் சோதிப்பார். அன்றைக்கு வாய் வரவில்லை. "ஹலோ" என்றார். காலி நாற்காலிகளுக்கு மேலாகப் போய்ச் சுவரில் முட்டி, அந்த ஹலோ அவரிடமே திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்திருந்தான், அக்கா பக்கத்தில். பின்னால் திரும்பி, எப்போதும்போல மாமாவைப் பார்த்துத் தலையசைத்தான். அண்ணன் அவசரமாக ஒரு வயரைத் தேடிக் குனிந்தார். அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று அவரைக் கேட்டால் தெரியாது. ஒலி தெளிவாக இருந்தது, அவ்வளவுதான் சொல்லுவார்.

கடைசியில் பாஸ்டர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். "ஆண்டவரைத் தெரியாதவங்கதான் வரணும்னு இல்ல. தெரிஞ்சும் தெரியாதுன்னு சொன்னவங்களும் வரலாம். நீங்க அவரைத் தெரியாதுன்னு சொன்ன அந்த நிமிஷத்துலயும் அவர் உங்களைத் தெரியும்னுதான் சொல்லிட்டு இருந்தார்."

மச்சான் பாஸ்டரிடம் போட்டுக்கொடுத்துவிட்டான் என்று மைக் அண்ணனுக்குச் சுருக்கென்றது. அதற்குள் மச்சானே எழுந்து முன்னால் போய்க்கொண்டிருந்தான். கம்பளத்தில் முழங்கால் போட்டான். பாஸ்டர் குனிந்து ஒரு கையை அவன் தோளில் வைத்தார். இன்னொரு கையில் மைக். இப்படிப்பட்ட நேரத்தில் ஜெபிக்கிறவர் சொல்வது கூடத்துக்குக் கேட்கக் கூடாது என்று அந்த மைக்கின் சத்தத்தை அடியோடு இறக்கிவிடுவது அண்ணனின் வழக்கம். இறக்கினார். ஸ்பீக்கர்கள் அடங்கின. ஆனால் அவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அதில் மச்சானின் குரல் மூச்சோடு சேர்ந்து வந்தது.

"மாமாவைப் பார்த்தாலே எரியுது ஆண்டவரே. எனக்கு அப்படி இருக்கப் பிடிக்கல. அவர் நல்லவர்தான், பயந்துட்டார். அக்காவுக்குத் தெரியாம பார்த்துக்கோங்க. என் வாய்ல வந்துடாம பார்த்துக்கோங்க."

மைக் அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். கழற்றியும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக இவன் எதைப் புதுப்பிக்கப் போகிறான் என்று சிரித்துக்கொண்டிருந்தார். சோற்றையும் குழம்பையும் பிசைந்தபடி சிரித்த அத்தனை ஞாயிறுகளில், ஒன்றிரண்டிலாவது இவனுடைய ஜெபம் தன்னைப் பற்றியே இருந்திருக்கும் என்று தோன்றியது.

அவர் கையைத் தூக்கினார். காதுவரைதான் முதலில், பிறகு நன்றாகவே.

பாஸ்டர் பார்த்துவிட்டார். உடனே மைக்கை உதட்டுக்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார். சவுண்டு மேஜையிலிருந்து கை உயர்ந்தால் ஒலியில் கோளாறு என்பது அவர்கள் இருவருக்குள் நெடுநாளாக இருக்கும் ஏற்பாடு. மைக் அண்ணன் கையை இறக்கவில்லை. பாஸ்டர் மைக்கை லேசாகத் தட்டிப் பார்த்தார். கீபோர்டு வாசித்தவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, தன்மேல்தான் தவறு என்று எடுத்துக்கொண்டு வாசிப்பையே நிறுத்தினார். மைக் அண்ணன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பாஸ்டர் சரி என்று தலையசைத்து, பழைய மைக்கைக் கீழே வைத்துவிட்டு வேறொரு மைக்கை எடுத்தார். இந்தக் கை மனந்திரும்புகிற கையாக இருக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் அப்படி ஒரு பெயர் சம்பாதித்து வைத்திருந்தார்.

வேறு வழியில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து நடந்தார். கீபோர்டும் ஓய்ந்துவிட்டதால் அவருடைய செருப்பில்லாத கால்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. நாற்காலிகளுக்கு நடுவில் அந்த வழி இவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. வயர் இழுக்கும்போது கவனித்ததில்லை. கண்களை மூடியிருந்த சபை முழுவதும் அவரைப் பார்த்தது. மனைவியின் வரிசையைக் கடக்கும்போது அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நின்றிருப்பார்.

கம்பளத்தின் ஓரத்துக்கு வந்து, எந்தக் காலை முதலில் மடக்குவது என்று தடுமாறி, ஒருவழியாக முழங்காலிட்டார். பக்கத்தில் மச்சான் கண்ணைத் திறந்தான்.

"மைக்ல ஏதாவது பிரச்னையா மாமா?" என்றான் கிசுகிசுப்பாக.

"மைக் நல்லாத்தான் இருக்கு." சொன்ன பிறகுதான், லாண்டரியில் மெஷினைப் பற்றியும் இதே மாதிரி சொன்னது ஞாபகம் வந்து அவர் குரல் உடைந்தது. "நாளைக்குக் காலைல அந்தம்மாவைப் பார்க்கப் போறேன்டா. காயில் போயிருந்துச்சு, எனக்குத் தெரியும்னு சொல்லப் போறேன். இன்னைக்கு வீட்டுக்குப் போய் உங்கக்காகிட்டயும்."

மச்சான் அக்கா இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "உங்க வேலை போயிடும் மாமா."

"ம்."

மச்சான் முழங்காலாலேயே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். பாஸ்டர் இன்னமும் கையிலிருந்த மைக்கையும் மைக் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதை மெதுவாகத் தரையில் வைத்தார். பிறகு மைக் அண்ணனின் தோளில் கையை வைத்தார். அண்ணன் கண்களை மூடிக்கொண்டார். மச்சான் கைகளை எப்படி வைத்திருந்தான் என்று ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்து, அதே மாதிரி இரண்டையும் விரித்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார்.