மூன்றாவது குடைவின் காற்று

சுரங்கத்தில் அவனைப் புகைபோக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே வந்து நின்றதும் மற்றவர்கள் தண்ணீரைத் தேடுவார்கள். அவன் தீப்பெட்டியைத் தேடுவான். பாறையில் துளை போடுகிற வேலை. கம்பெனி மருத்துவர் வருஷாவருஷம் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சிகரெட்டை விட்டுடு, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்பார். அவனும் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, வாசலுக்கு வந்ததும் ஒன்றைப் பற்றவைப்பான்.

ஆனால் நுரையீரலில் புற்று வந்தது அவனுக்கு இல்லை, மச்சானுக்கு. மனைவியின் அண்ணன். அவன் துளை போடும் அதே மூன்றாவது குடைவில் கூரைக்கு முட்டுக் கொடுப்பவர். யாராவது பக்கத்தில் ஊதினாலே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிற மனுஷன்.

"பாத்தியா? ஊதாதவருக்கே வந்துடுச்சு. நான் விட்டு என்ன ஆகப்போகுது?" என்றான் மனைவியிடம். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மச்சானைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவை வழிமறித்து, ஊதாதவருக்கு எப்படி வந்தது என்று கேட்டான்.

"நீங்க குடையுற பாறையிலேர்ந்து ரேடான்னு ஒரு வாயு கசியுது. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காத்தோட்டம் இல்லாத இடத்துல தேங்கி நிக்கும். வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரலைக் கெடுக்கும். சிகரெட்டும் சேர்ந்துச்சுன்னா ஆபத்து பல மடங்கு ஏறிடும்."

"அப்ப நான் எதை விடணும்?"

"ரெண்டையும்."

சிரிப்பு வந்தது அவனுக்கு. வேலையை விட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சுற்றுவட்டாரத்தில் சுரங்கத்தை விட்டால் வேறு பிழைப்பு ஏது? கீழே போனால் பாறை, மேலே வந்தால் சிகரெட். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இடித்தது.

அந்த வாரமே குடைவுக்குள் காற்றுத் தள்ளும் ஃபேன் நின்றுபோயிற்று. உள்ளே போர்வையைத் தலையோடு போர்த்தியது போலப் புழுங்கியது. அவன் மெஷினைக் கீழே வைத்தான்.

"ஃபேன் ஓடட்டும் சார். அப்புறம் போறேன்."

"யாரு, நீயா?" என்றான் சூப்பர்வைசர். "நீ ஊதித் தள்ளுற புகையில பாதி கூட உள்ள இல்லய்யா. நல்ல காத்து கேக்குற மூஞ்சியப் பாரு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் பல்லைக் காட்டினான். பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். வேலை முடியும்வரை காதில் அந்தச் சிரிப்புதான்.

அன்று சிகரெட்டை நிறுத்தினான். நிறுத்தினான் என்று சொல்வது எளிது. சோறு இறங்கவில்லை, உப்புச் சப்பில்லாத விஷயத்துக்கெல்லாம் மனைவியிடம் எரிந்து விழுந்தான். ஒருநாள் தெருவில் யாரோ போட்ட சிகரெட் துண்டை எடுக்கக் குனிந்து, அவள் பார்ப்பது தெரிந்து செருப்பைச் சரிசெய்வது போல நடித்தான்.

"விட்டுட்டியாமே மாப்ள?" ஆஸ்பத்திரிக் கட்டிலில் மச்சானுக்கு மூக்கில் குழாய். "உசுரு மேல அவ்ளோ ஆசையா?"

"அதுவும்தான். ஆனா முதல்ல அந்த சூப்பர்வைசர் வாயை அடைக்கணும் மச்சான்."

மச்சான் சிரிக்கப் போய் இருமினார். இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றும் ஃபேன் ஓடவில்லை. அவன் குடைவின் வாயிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்னய்யா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"நான் விட்டாச்சு சார். என் மச்சான் தொட்டதே இல்ல. இப்ப யாரைச் சொல்லுவீங்க?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பாறை வண்டிகளை இழுக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும்.

மறுநாள் புது ஃபேன் வந்தது. அடுத்த வாரம் அவனை மட்டும் ஐந்தாவது குடைவுக்கு மாற்றினார்கள். அங்கே ஃபேன் பேருக்குத்தான் சுற்றும்.

"இப்ப என்ன பண்ணப்போறீங்க?" என்றாள் மனைவி.

"அங்கயும் உக்கார வேண்டியதுதான்."

"ஒத்தையாவா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கூண்டின் கதவு மூடிக்கொண்டது. இன்னும் பாறையைத் தொடாத கொஞ்சம் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டான். கூண்டு இறங்கத் தொடங்கியது.